பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள்: சிங்கப்பூர் வாசகர் கூட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வாசகர் கூட்டத்துக்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் புத்தகத்தின் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பதினெட்டு நிமிடம் பேசினேன். யார் யாருக்குப் பிறந்தார், யார் எந்த ஊருக்குப் போனார், கடைசியில் யார் இறந்தார் எல்லாம் வந்தது. பேசி முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அக்கா கேட்டார்: "சரி தம்பி, இதுல எந்தப் பக்கத்துல நீங்க கொஞ்ச நேரம் நின்னீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இறப்பு நடந்த வீட்டில் மருமகள் அடுப்பங்கரையில் நின்று, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருப்பாள். அதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆனால் பதினெட்டு நிமிடத்தில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. அக்கா கேட்ட பிறகு சொன்னேன். அதுவரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டம் முடிந்து போகும்போது ஒருவர் அந்தப் புத்தகத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதென்றால், படித்தபோது நீங்கள் நின்ற இடத்தைக் காட்டி, ஏன் நின்றீர்கள் என்று சொல்வது. அதற்கு எப்படித் தயாராவது, சிங்கப்பூரில் எங்கே, யார் முன்னால் பேசுவது என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

புத்தகத்தை எடுப்பது

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய நூலக வாரியத்தின் அடிப்படை உறுப்பியம் இலவசம். மற்றவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேரலாம். இரவல் காலம் 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாமலிருந்தால் ஒருமுறை புதுப்பித்து இன்னும் 21 நாள் வைத்துக்கொள்ளலாம். ஒரு நூலகத்தில் எடுத்ததை வேறொரு பொது நூலகத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் உட்லண்ட்ஸில் எடுத்த புத்தகத்தை வேலைக்குப் போகிற வழியில் பிடோக்கில் போட்டுவிடலாம்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து வாரம் முன்பே ஆர்வத்தோடு எடுத்துவிட்டால், நடுவில் வேறொருவர் முன்பதிவு செய்து, கூட்டத்துக்கு முன்பே புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டி வரும். அப்புறம் வெறுங்கையோடு போய் நினைவிலிருந்து பேசுவீர்கள். நினைவிலிருந்து பேசினால் கதைதான் வரும், வரி வராது. புத்தகம் கையில் இருக்கவேண்டும்.

விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் உள்ள பொது நூலகத்தில் எடுக்கும் நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதே கட்டடத்தின் மேல்மாடிகளில் இருக்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் உள்ளவற்றை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கவேண்டும். பழைய சிங்கப்பூர்த் தமிழ் நூல் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் அங்கே ஒரு முழு மதியத்தை ஒதுக்கிவிடுங்கள். 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை மின்வடிவமாக்கும் பெரிய முயற்சி ஒன்று, நாட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி நடந்தது. பல தன்னார்வலர்கள் சேர்ந்து மெய்ப்புப் பார்த்து உருவாக்கிய தொகுப்பு அது. கடைகளில் கிடைக்காத பல நூல்களை அதன் வழியாகப் படிக்கலாம். அவர்களுடைய உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதைத் திறந்து படிப்பதுதான்.

முதல்முறை எந்தப் புத்தகம் என்று கேட்பவர்களிடம் நான் சிறுகதைத் தொகுப்பைத்தான் சொல்வேன். பன்னிரண்டு கதையில் இரண்டு உங்களைப் பிடித்து நிறுத்தினாலே பேசுவதற்குப் போதும். பெரிய பெயர் பெற்ற நாவலைத் தேடிப் போகவேண்டாம். அண்மையில் நீங்களே விரும்பிப் படித்து முடித்ததை எடுங்கள். பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றியும் பேசலாம். ஆனால் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பிடிஎஃப் ஆகச் சுற்றுகிற திருட்டுப் பிரதிகளை வாங்காதீர்கள், அனுப்பாதீர்கள். இங்கே தமிழ் எழுத்தாளர்கள் பலர் கைக்காசு போட்டுக் குறைந்த பிரதிகளே அச்சிடுகிறார்கள். நூறு பேர் சும்மா படித்துவிட்டால், அடுத்த புத்தகத்துக்கு அவரிடம் பணம் இருக்காது.

படிக்கும்போது செய்யவேண்டியது

நூலகப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் கோடு போடக்கூடாது. ரசீதின் பின்பக்கத்தையோ பழைய உறையையோ விரல் அகலத்துக்குக் கிழித்துப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் பத்துத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸ் வரை பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு படிக்கிறவர்களுக்கும் இது எளிது. நிற்கத் தோன்றுகிற இடத்தில் ஒரு துண்டைச் செருகுங்கள்.

துண்டில் ஒரு வரி எழுதவேண்டும். "அருமை" என்று எழுதாதீர்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எது அருமை என்று உங்களுக்கே தெரியாது. "அப்பா சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார், அது நினைவு வந்தது" என்று எழுதுங்கள். "இவள் ஏன் இங்கே பொய் சொல்கிறாள்?" என்று எழுதுங்கள். "நாலு பக்கமாக ஒரே விஷயம், சலிப்பு" என்பதையும் எழுதுங்கள். சலித்த இடமும் நீங்கள் நின்ற இடம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

அரைத்தாள் குறிப்பு

பெரும்பாலான கூட்டங்களில் ஒருவருக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம் கிடைக்கும். ஐந்து என்றே வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். கூட்டத்துக்கு முந்திய இரவு செருகிய துண்டுகளையெல்லாம் மேசையில் பரப்பி, அவற்றிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள். மற்றவை உங்களுக்கு. அரைத்தாளில் முதலில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், எங்கே கிடைக்கும் என்பவற்றை எழுதுங்கள். அடுத்து, கதை எதைப் பற்றியது என்பதற்கு இரண்டே வாக்கியம். அதற்கு மேல் போனால் அடித்துவிடுங்கள். பிறகு அந்த மூன்று இடங்கள், பக்க எண்ணோடு. ஒன்றையாவது சத்தமாக வாசியுங்கள். ஐந்தாறு வரி போதும். எழுத்தாளரின் குரல் அறையில் ஒலித்துவிட்டால், அவருடைய நடை எப்படி என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

நாம் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து "எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நடை சரளமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்? தேடிப் பார்த்தால், இருவர் சண்டை போடும் காட்சியில் "என்றான், என்றாள்" என்று ஒருமுறைகூட எழுதாமலேயே யார் பேசுகிறார் என்று ஆசிரியர் புரியவைத்திருப்பது தெரியவரும். அதைச் சொல்லுங்கள். "பாத்திரப் படைப்பு பலவீனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்? முதல் பாதி முழுக்கப் பிடிவாதக்காரியாக இருந்தவள், 140ஆம் பக்கத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் மன்னித்துவிடுகிறாள் என்பதுதான் உங்கள் குறை என்று தெரியும். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் புத்தகத்தைப் புரட்டி, "இல்லையே, 131இல் ஒரு கடிதம் வருதே, அதைப் படிச்சதுக்கப்புறம்தானே?" என்று கேட்க முடியும். அந்த இடத்தில்தான் உரையாடல் தொடங்குகிறது. "பலவீனம்" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் சொல்லமுடியாது. தலையாட்டலாம், இல்லையென்றால் கோபப்படலாம்.

எந்தப் பக்கத்தையும் காட்டமுடியாத வாக்கியம் இருந்தால் எடுத்துவிடுங்கள். என் குறிப்புகளில் இப்படிப் பாதி போய்விடும்.

தமிழைப் பற்றிப் பயம் வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலர், "என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காது" என்று சொல்லிக்கொண்டே பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள். நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் வரட்டும். மேடைத் தமிழுக்காக மனப்பாடம் செய்து வந்தவர்களைவிட, "இந்த இடம் எனக்குப் புரியல, ஆனா மனசு என்னமோ பண்ணுச்சு" என்று சொன்ன தொழில்நுட்பக் கல்லூரி மாணவி ஒருவரைத்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

யார் முன்னால் பேசுகிறீர்கள்

சிங்கப்பூர்க் கூட்டங்களில் எனக்குப் பிடித்ததும், புதியவர்கள் கவனிக்கத் தவறுவதும் இதுதான். அந்தப் பதினைந்து நாற்காலிகளில் நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பத்துப் பெரியவர் இருப்பார், மலேசியாவிலிருந்து வந்தவர் இருப்பார், யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட ஆசிரியை இருப்பார், திருவாரூரிலிருந்து மூன்று வருடம் முன் வந்த மென்பொருளாளர் இருப்பார், வாரத்தில் ஒரே நாள் விடுப்பை இதற்காகச் செலவழிக்கும் கட்டுமானத் தொழிலாளி இருப்பார். எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஒரே சொல் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

ஒருமுறை இந்த ஊர்ச் சிறுகதை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "கம்பத்து வீட்டை விட்டு வந்தபோது" என்று ஒரு வரி. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த நண்பர் கதை முழுவதையும் தேனிப் பக்கத்துக் கம்பத்தில் நடப்பதாக நினைத்துப் படித்திருந்தார். அந்தக் குடும்பம் ஏன் திடீரென்று அடுக்குமாடிக்குப் போகிறது என்பது அவருக்குப் புரியவேயில்லை. இங்கே கம்பம் என்றால் பழைய கிராமக் குடியிருப்பு. மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பலகை வீடும் தகரக் கூரையுமாக இருந்த அந்த இடங்களிலிருந்து மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிய காலத்தைத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். தெரியாதவருக்கு நீங்கள் ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லவேண்டும். அன்று கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் கம்பத்து வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னார். கதையில் இல்லாத கிணறுதான், ஆனால் அதைக் கேட்ட பிறகு கதையை எல்லாரும் வேறு மாதிரி படித்தோம்.

மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராம நாவலில் பத்தாயம், களத்துமேடு, மதகு என்று வரும். பத்தாவது மாடியில் வளர்ந்த பிள்ளைக்கு அது எதுவும் கண்ணில் படாதது. "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வராது. பத்தாயம் என்றால் நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

சாதி வரும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நாவலில் ஒருவர் வீட்டு வாசல்வரை வந்து, திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார். எழுத்தாளர் காரணம் எதுவும் எழுதவில்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எழுதாமலே தெரியும். இங்கே படித்த ஒரு பையன் கேட்டான்: "அவரு ஏன் உட்காரல? வயசானவர்தானே?" அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை அப்படியே விட்டுவிடக்கூடாது என்று நான் நினைக்கிறேன். அன்று ஒருவர் தன் ஊரில் தான் பார்த்ததைச் சுருக்கமாக, எந்தச் சப்பைக்கட்டும் இல்லாமல் சொன்னார். பையன் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்து மெதுவாகப் படித்தான். அப்படிப்பட்ட கேள்விகளை வரவேற்று, நேராகப் பதில் சொல்லுங்கள். இனம், மதம் பற்றிய இடங்களில், பாத்திரம் சொல்வது எது, ஆசிரியர் சொல்வது எது, நீங்கள் சொல்வது எது என்று பிரித்துக் காட்டிப் பேசுங்கள். பலவகை மக்கள் அருகருகே வாழும் ஊர் இது. கேட்பவர் குழம்பக்கூடாது.

எழுத்தாளர் அங்கேயே உட்கார்ந்திருந்தால்

இது சின்ன ஊர். உள்ளூர்ப் புத்தகத்தைப் பேச எடுத்தால், எழுதியவரோ அவருடைய தங்கையோ அதே அறையில் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதனால் புதியவர்கள் ஒன்று பாராட்டு மழை பொழிகிறார்கள், இல்லையென்றால் உள்ளூர் நூலே வேண்டாமென்று தமிழ்நாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இங்குள்ள எழுத்துக்கு நல்லதில்லை. குறையைக் கேட்காமல் எழுதுகிறவர் அடுத்த புத்தகத்திலும் அதையே எழுதுவார்.

வழி இருக்கிறது. உங்களுக்கு உண்மையாகவே பிடித்த இடத்தைப் பக்கத்தோடு முதலில் சொல்லுங்கள். அப்புறம் குறையைச் சொல்லும்போது உங்கள் வாசிப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்: "மூன்றாவது கதையில் கடைசிப் பத்தி வந்ததும், அதுவரை எனக்குப் புரிந்ததை ஆசிரியர் மறுபடி விளக்குவதுபோல இருந்தது." இதைக் கேட்டு எந்த எழுத்தாளரும் புண்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் அந்தப் பத்தியை வைக்கலாமா எடுக்கலாமா என்று இரண்டு வாரம் யோசித்ததாக எங்களிடம் சொன்னார். "உங்களுக்கு எழுத வரவில்லை" என்று சொல்வது வேறு. அதற்குக் காட்டப் பக்கம் கிடையாது. எழுத்தாளரின் குடும்பம், வேலை, அவர் யாருக்கு வேண்டியவர் என்பதையெல்லாம் அறைக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

மற்றவர் பேசும்போது

அவர் சொல்லும் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கருத்து ஒத்துப்போகவில்லை என்றால், அவர் பேசி முடித்த பிறகு, அதே பக்கத்தை எடுத்துக் கேளுங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்று அழைத்துத் தொடங்குவது இங்கே வழக்கம். மரியாதையோடு மறுக்கவும் அது கைகொடுக்கும்: "ஐயா சொன்னதைக் கேட்டேன், ஆனா 88ஆம் பக்கம் எனக்கு வேற மாதிரி பட்டுது." துப்பறியும் கதையாக இருந்தால் முடிவை மட்டும் உடைக்கவேண்டாம்.

எங்கே போவது

அங் மோ கியோ நூலகத்தில் நெடுநாளாகக் கூடிவரும் வாசகர் வட்டம் இருக்கிறது. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் கதைக்களம் என்ற சிறுகதைக் கூட்டத்தை நடத்துகிறது. கவிதை என்றால் கவிமாலை என்ற அமைப்பு இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு தமிழ் மொழி விழா நடக்கும்போது ஊர் முழுக்க நிகழ்ச்சிகள் இருக்கும். ஆண்டின் கடைசியில் வரும் சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவிலும் தமிழ் அமர்வுகள் உண்டு. இடம், நேரம் மாறும் என்பதால் நூலக வாரியத்தின் நிகழ்ச்சிப் பட்டியலையும் தமிழ் முரசில் வரும் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய அந்த நாளிதழ் இன்றுவரை இந்த வேலையைச் செய்துவருகிறது.

முதல் கூட்டத்தில் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. ஒருமுறை போய் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், நடுவில் கேள்வி கேட்கலாமா, ஏற்பாட்டாளர் யார் என்று தெரிந்துகொண்டு, கிளம்பும்போது அவரிடம் அடுத்த முறை பேச விரும்புவதாகச் சொல்லிவிடுங்கள்.

நீங்களே தொடங்குவதாக இருந்தால்

பக்கத்தில் கூட்டம் எதுவும் இல்லையா, நேரம் ஒத்துவரவில்லையா, நாலு பேர் சேர்ந்தால் போதும். யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறை, புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசை, கோப்பிக் கடை மூலை எல்லாம் பழகிய இடங்கள்தான். சமூக மன்றத்தில் அறை கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஞாயிறு மாலை நாலு மணி பெரும்பாலோருக்குச் சரிப்படும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற சகோதரர்கள் வரவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாள் வைக்காதீர்கள். தங்கும் விடுதிக்குத் திரும்பும் நேரத்தையும் கேட்டு அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

எல்லாரும் ஒரே நாவலைப் படிப்பது இங்கே கொஞ்சம் சிரமம். ஒரு தமிழ் நூலுக்கு நூலகத்தில் இருப்பது சில பிரதிகள்தான், அவையும் வேறு வேறு கிளைகளில் கிடக்கும். இந்தத் தொல்லையால் நாங்கள் இரண்டாவது மாதமே முறையை மாற்றிக்கொண்டோம். ஒரு மாதம் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சிறுகதை, அடுத்த மாதம் அவரவர் அண்மையில் படித்த வெவ்வேறு புத்தகம். இரண்டாவது வகைக் கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். யாராவது ஒருவர் கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பொறுப்பைக் கூட்டத்திலேயே சிறிய வயதுக்காரரிடம் கொடுங்கள். பெரியவர்களை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு அன்று கிடைத்துவிடுகிறது, அடுத்த முறை தவறாமல் வருகிறார்.

கூட்டம் முடிந்ததும் பேசிய நூல்களின் பட்டியலைப் புலனக் குழுவில் போட்டுவிடுங்கள். பெயர், ஆசிரியர், சொன்னவர், அவர் வாசித்த பக்கம். எங்கள் குழுவில் வரும் எல்லாச் செய்திகளிலும் மற்றவர்கள் திரும்பத் தேடிப் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். வீட்டுக்குப் போகிற வழியில் நூலகப் புத்தகத்தைத் திருப்பும் பெட்டியில் போடுவதற்கு முன் செருகிய துண்டுகளை எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவற்றை எறியாமல் ஓர் உறையில் போட்டு, நூலின் பெயரை மேலே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் யாராவது அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் உறையைத் திறந்து சொல்லலாம்.